பார்வை இழந்தோருக்கான திரைவாசிப்பு மென்பொருள்: கணினியில் நிறுவும் முறை

நீரிழிவு விழித்திரை நோய், கண் நீர் அழுத்த நோய் போன்றவற்றால் நடுவயதில் பார்வை இழப்போர், தமது மருத்துவ அறிக்கையைக்கூடப் பிறர் படித்துச் சொல்லவே கேட்க வேண்டியுள்ளது. திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றும் திரைவாசிப்பு மென்பொருள் இந்நிலையை மாற்றும். பிரெய்ல் அறிந்திருக்க வேண்டிய தேவையில்லை.

எந்த மென்பொருள்?

விண்டோஸ் கணினிக்கு என்.வி.டி.ஏ. ஏற்றது. பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய இம்மென்பொருள் இலவசமானது. தமிழ்க் குரல் இதனுள்ளேயே உள்ளது. நாகல் நகரில் வீட்டில் சௌராட்டிரம் பேசும் குடும்பத்தினரும் தமிழ்க் குரலையே தேர்ந்தெடுக்கலாம்.

நிறுவும் முறை

1. விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் விசைகளை ஒருசேர அழுத்தினால் கணினியிலுள்ள 'நரேட்டர்' பேசத் தொடங்கும். பின்வருவனவற்றை இதன் துணையுடன் தாமாகவும் செய்யலாம்.
2. என்.வி. ஆக்சஸ் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்கவும். நன்கொடை கட்டாயமன்று.
3. கோப்பைத் திறந்ததும் என்.வி.டி.ஏ. பேசத் தொடங்கும். அப்போது முதலில் அழுத்திய விசைகளையே மீண்டும் அழுத்தி நரேட்டரை நிறுத்தவும்.
4. உரிம நிபந்தனையை ஏற்று, 'இந்தக் கணினியில் நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.
5. இன்சர்ட், கண்ட்ரோல், வி விசைகளை ஒருசேர அழுத்தித் தமிழ்க் குரலையும் குறைந்த வேகத்தையும் அமைக்கவும்.

முதல் வாரப் பயிற்சி

இன்சர்ட் விசையுடன் 1-ஐ அழுத்தினால், அதன்பின் தொடும் ஒவ்வொரு விசையின் பெயரும் ஒலிக்கும். வேறு எதுவும் நிகழாது. மீண்டும் அவ்வாறே அழுத்தினால் இப்பயிற்சி நிலை நீங்கும். பேச்சை நிறுத்தக் கண்ட்ரோல் விசை போதும். மென்பொருள் நின்றுவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், என் விசைகளை ஒருசேர அழுத்தவும். நாள்தோறும் அரை மணி நேரப் பயிற்சி போதுமானது.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

• விசைகளை அவர் விரல்களே தேடட்டும். தாங்கள் சொல்லிக்கொடுத்தால் போதும்.
• சுட்டி தேவையில்லை. அனைத்தையும் விசைப்பலகையால் செய்யலாம்.
• ஒளிப்படமாக எடுக்கப்பட்ட அறிக்கையையும் பழைய எழுத்துருவில் உள்ள தமிழையும் மென்பொருள் சரிவரப் படிக்காது. ஆய்வகத்தில் எழுத்து வடிவக் கோப்பாகக் கேட்டுப் பெறவும்.
• இன்சுலின் அளவு, மாத்திரை அளவு ஆகியவற்றைக் குரலை மட்டும் நம்பி மாற்ற வேண்டாம். மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ உறுதி செய்யவும்.

எங்கு அணுகலாம்?

பார்வைத்திறன் மதிப்பீட்டிற்குத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் மருத்துவப் பிரிவையும், தனித்துவ அடையாள அட்டை, நலத்திட்டங்கள் குறித்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் அணுகலாம்.

எச்சரிக்கை: திடீர்ப் பார்வைக் குறைவு, கண் வலி, திரை மறைப்பது போன்ற உணர்வு ஆகியவை அவசர நிலைகள். அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். மென்பொருள் சிகிச்சைக்கு மாற்றாகாது.