பஸ்ஸை ரயிலாக்கிய கண்ணாடிக் குழாய்

நிலக்கீழ் ரயில்பாதை அமைக்கப் பணமில்லாத நகரம் என்ன செய்யும்? பிரேசிலின் தென்பகுதியிலுள்ள குரிச்சிபா 1974இல் இதற்கு ஒரு விடை கண்டது. அகன்ற வீதியின் நடுவில் பஸ் வண்டிகளுக்கு மட்டுமான தனிப்பாதை. அதன் இருமருங்கிலும் உள்ளூர் வாகனங்களுக்கான ஒடுங்கிய வீதிகள். உயர்ந்த மாடிக் கட்டடங்களுக்கும் இப்பாதைகளை ஒட்டியே இடம் ஒதுக்கப்பட்டது. மக்கள் செறிந்து வாழும் இடத்தில் பஸ் ஓடவேண்டும் என்பதே கணக்கு.

இதன் பின்னால் நின்றவர் ஜெய்மி லேர்னர் என்ற கட்டடக் கலைஞர். 1971இல் அவரை மேயராக்கியது மக்களின் வாக்கு அல்ல. அன்றைய இராணுவ ஆட்சியின் நியமனம். எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் வீதிகளை மாற்றியமைக்க அந்த அதிகாரம் உதவியது என்பதை மறைத்து இவ்வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

தனிப்பாதை கிடைத்தும் ஒரு தடை எஞ்சியிருந்தது. தரிப்பிடந்தோறும் பயணிகள் படியேறி, ஒருவர் பின் ஒருவராகக் கட்டணம் செலுத்தும்வரை வண்டி காத்து நின்றது. நேரத்தை விழுங்கியது வீதி அல்ல, வாசற்படி!

1988இல் மக்கள் வாக்கினால் தெரிவாகி மீண்டும் மேயரான லேர்னரின் காலத்தில், 1991இல், குழாய் வடிவ நிலையங்கள் தோன்றின. உருளையான கண்ணாடிக் கூடம், நுழைவாயிலிலேயே கட்டணம், பஸ்ஸின் தளமும் நிலையத்தின் தளமும் ஒரே உயரம். வண்டி வந்து நின்றதும் கதவடியிலிருந்து ஒரு தகடு விரிந்து இடைவெளியை மூடும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு நிலையத்தில் சிறு மின்தூக்கியும் உண்டு. மறு ஆண்டில் சுமார் 270 பேரை ஏற்றும் மூன்று பகுதி நீள்வண்டிகள் ஓடத் தொடங்கின. பல கதவுகளால் ஒரே நேரத்தில் ஏறி இறங்க முடியாவிட்டால் அத்தனை பெரிய வண்டியால் பயனேது?

2000 டிசம்பரில் கொலம்பியத் தலைநகர் பொகோட்டா, மேயர் என்ரிக்கே பெஞ்ஞலோசாவின் காலத்தில், இம்முறையை மேலும் விரித்தது. வீதி நடுவே நீண்ட மூடிய நிலையங்கள். நிற்கும் வண்டியை விரைவு வண்டி முந்திச்செல்ல இன்னொரு தடம். ஒரு திசையில் மணிக்கு 40,000க்கும் அதிகமானோரை ஏற்றிச் செல்லும் வல்லமை இதனால் வந்தது. ஆயினும் தாங்கமுடியாத நெரிசலால் 2012 மார்ச்சில் மக்கள் கொதித்தெழுந்தனர், நிலையங்கள் சேதமாகின. நல்ல வடிவமைப்பும் போதிய வண்டிகளுக்கு மாற்றாகாது.

டில்லியின் கதை வேறு. 2008இல் அங்கு தனித்தடம் வந்தது. ஆனால் மூடிய நிலையமோ முன்கூட்டிய கட்டணமோ வரவில்லை. பயணிகள் வாகனங்களுக்கிடையே வீதியைக் கடந்து நடுவிலிருந்த திறந்த தரிப்பிடங்களை அடைந்தனர். கார்க்காரர்களின் எதிர்ப்பு நீதிமன்றம்வரை சென்றது. 2012இல் உயர் நீதிமன்றம் அத்தடத்தைக் காத்தது. எனினும் 2016இல் அது அகற்றப்பட்டது. 2009இல் தொடங்கிய அகமதாபாத் திட்டமோ மூடிய நிலையங்களுடனேயே வந்தது.

லேர்னர் 2021இல் மறைந்தார். வீதியில் கோடு கீறுவதோடு வேலை முடிவதில்லை என்பதே அவரது குழாய்கள் சொல்லும் பாடம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் நேரத்துக்கும் மதிப்புண்டு என்று ஒரு நகரம் ஏற்றுக்கொண்டதா என்பதை, அது கட்டும் தரிப்பிடத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.