வெளிச்சத்துக்கும் வரி போட்ட காலம்

மின்சாரம் தடைபட்டால் நாம் கடையில் மெழுகுவர்த்தி வாங்குகிறோம். அந்தக் கால இங்கிலாந்துக் கிராமங்களில் அதை வீட்டிலேயே செய்தார்கள். ஆட்டுக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் உருக்கி, திரியை அதில் பலமுறை முக்கியெடுத்து ஆறவிடுவார்கள். நாற்றம்தான், ஆனால் வெளிச்சம் கிடைத்தது.

1709ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் வரி போட்டது. உரிமமின்றி வீட்டில் மெழுகுவர்த்தி செய்யக்கூடாது. கொழுப்பில் ஒரே முறை தோய்த்த கோரைத் தண்டுக்கு மட்டும் விலக்கு.

ஏழைகளுக்கு அதுவே கைகொடுத்தது. கோடையில் கோரை அறுத்து, தண்ணீரில் ஊறவைத்து, தோலை உரிப்பார்கள். உள்ளே இருக்கும் நெட்டி ஒடியாமலிருக்க ஓர் இழைத் தோலை மட்டும் விட்டுவைப்பார்கள். பன்றி இறைச்சி வேகும் பானையில் மிதக்கும் கொழுப்பில் அதைத் தோய்த்தால் விளக்கு தயார்.

செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட், 1775இல் எழுதிய கடிதத்தில் இதற்குக் கணக்கே போட்டிருக்கிறார். இரண்டடிக்குச் சற்று நீளமான தண்டு 57 நிமிடம் எரிந்ததாம். கால் பென்னிக்கு ஐந்தரை மணி நேர வெளிச்சம்! மிக வறியவர்களோ அரை பென்னிக்குக் கடை மெழுகுவர்த்தி வாங்கி, இரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிடுகிறார்களே, சிக்கனம் தெரியவில்லையே என்று குறைபட்டுக்கொள்கிறார்.

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கொழுப்பு சேர வேண்டுமானால், முதலில் பானையில் இறைச்சி வேக வேண்டுமே!

அந்த வரி 1831இல்தான் நீக்கப்பட்டது.