பந்தும் பந்தியும்: பல்வங்கர் பாலுவின் வரலாறு

இந்தியத் துடுப்பாட்டத்தின் தோற்றத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பார்சிச் செல்வர்களையும் சுதேச மன்னர்களையும் முன்னிறுத்தியே தம் கதையைத் தொடங்குவர். அவர்கள் பொருளும் மைதானமும் வழங்கினர் என்பது உண்மையே. ஆயினும், இந்திய மண்ணிற் பயின்று ஆங்கிலேயரை அவர்தம் ஆட்டத்திலேயே அஞ்சவைத்த முதற் பெரும் சுழற்பந்து வீச்சாளர் அரண்மனையிற் பிறந்தவரல்லர். தோல் வேலை செய்வோர் எனத் தாழ்த்தி வைக்கப்பட்ட சமார் குலத்திற் பிறந்தவர். பல்வங்கர் பாலு என்னும் அப்பெருமகனின் வரலாறு ஆட்டத்தின் வரலாறாக மட்டும் அமையவில்லை. அவருடைய கைத்திறனை விரும்பி ஏற்ற சமுதாயம் அவரை எவ்வளவு தூரம் ஏற்றது என்பதும் அதிலடங்கும்.

பாலு 1876 ஆம் ஆண்டு தார்வாரிலே பிறந்தார். தந்தையார் படையினரைச் சார்ந்த தொழிலில் இருந்தமையால் குடும்பம் பூனாவில் வாழ்ந்தது. வெள்ளை அதிகாரிகள் கழித்துவிட்ட துடுப்புகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆட்டம் பயின்றனர். வறுமை காரணமாகப் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. பார்சிகளின் கழகமொன்றிலே ஆடுதரையைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. சம்பளம் மாதம் 3 ரூபா. 1892 அளவில் ஐரோப்பியரின் பூனாக் கழகத்துக்கு மாறியபோது அது 4 ரூபாவாயிற்று. பயிற்சி வலை கட்டுவதும், தரையைச் செப்பனிட்டுக் கோடிடுவதும், வேண்டியபோது கழகத்தார்க்குப் பந்து வீசுவதும் அவர் கடமைகள்.

அக்கழகத்தின் சிறந்த துடுப்பாட்டக்காரரான கிரெய்க் என்னும் படைத்தலைவர் மற்றையோருக்கு முன்னரே மைதானத்துக்கு வந்து, பாலுவின் பந்துகளை எதிர்த்து நெடுநேரம் பழகுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுப்பார் எனவும் சொல்லப்படுகிறது. இங்ஙனம் நாள்தோறும் பல மணிநேரம் வீசியதனாலேயே இடக்கையின் கட்டுப்பாடும், ஒரே அசைவிலிருந்து பலவேறு வேகங்களையும் சுழற்சிகளையும் பிறப்பிக்கும் நுட்பமும் அவருக்குக் கைவந்தன. ஆயின், பூனாக் கழகத்தில் இருந்த காலமெல்லாம் அவர் கையில் ஒருமுறையேனும் துடுப்பைக் கொடுத்தாரில்லை. அக்கால வழக்கப்படி துடுப்புப் பிடிப்பது துரைமார்க்குரியது. வெயிலில் வியர்க்கப் பந்து வீசுவது ஏவலாளர்க்குரியது. ஏவல் செய்தவன் தன் ஏவலைக் கலையாக்கிக் கொள்வான் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

பூனாவின் இந்துக்கள் ஐரோப்பியரை எதிர்த்து ஆட விரும்பியபோது ஓர் இக்கட்டு எழுந்தது. வெள்ளையரை வெல்லத்தக்க பந்து வீச்சாளர் பாலு ஒருவரே. அவரோ தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டவர். பெரும்பாலும் பிராமணர்களாயிருந்த ஆட்டக்காரரிடையே விவாதம் நிகழ்ந்தது. வெற்றி வேட்கையே இறுதியில் வென்றது; பாலு அணியிற் சேர்க்கப்பட்டார். ஆனால் இடைவேளையில் மற்றையோர் மண்டபத்தினுள்ளே பீங்கான் கிண்ணத்தில் தேநீர் பருக, பாலுவுக்கு வெளியிலே, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மட்கலத்திலே தேநீர் கொடுக்கப்பட்டது. உணவும் தனித்தட்டில், தனிமேசையில்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆட்டப் பந்து தோலால் ஆயது. அத்தோற் பந்தை, சமார் ஒருவர் விரல்பட்ட உடனேயே, உயர்குலத்தோர் எனப்பட்டார் வாங்கிப் பிடித்தனர், எறிந்தனர், மகிழ்ந்து ஆரவாரித்தனர். பந்தில் ஒட்டாத தீட்டு கிண்ணத்தில் ஒட்டும் என்று கொண்டனர். தீண்டாமைக்குச் சாத்திரத்திலே நியாயம் தேடுவோர் இம்முரண்பாட்டுக்கு யாது விடை கூறுவரோ அறியோம்.

பூனா இந்துக்கள் தொடர்ந்து வெற்றி ஈட்டினர். சதாராவில் இருந்த வெள்ளையர், பாலுவின் சுழற்சி எடுபடாதிருக்கத் தம் ஆடுதரையை ஒரு வாரகாலம் உருளையிட்டு இறுக்கினர் என்பர். அவ்விடத்தும் அவர் 7 விக்கெற்றுகளை வீழ்த்தினார். சமூகச் சீர்திருத்தவாதியான நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே அவரைப் பலரறியப் பாராட்டியதோடு, ஆட்டத்தில் உடன்சேர்பவர் உணவிலும் உடன்சேர வேண்டாவோ என்னும் பொருள்பட அணியினரை வினவினார் எனக் கூறப்படுகிறது. பாலகங்காதர திலகரும் பாலுவைப் பொது மேடையிற் புகழ்ந்தார்.

1896 இல் மேற்கிந்தியாவைக் கொள்ளைநோய் தாக்கிய காலத்தை அடுத்து பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். பம்பாய் - பரோடா - மத்திய இந்தியப் புகையிரதப் பகுதியில் வேலை கிடைத்தது. பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானா எதிர்ப்புகளைக் கடந்து அவரைத் தன் அணியிற் சேர்த்துக்கொண்டது. 1906 பெப்ரவரியில் அவ்வணி ஐரோப்பியரை எதிர்த்து ஆடியது. இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. வெற்றி 109 ஓட்டங்களால். இரு இன்னிங்சிலுமாகப் பாலு வீழ்த்தியவை 8 விக்கெற்றுகள். சிவராமும் அவ்வணியில் ஆடினார். இச்சகோதரர்களைச் சேர்த்துக்கொண்ட செயல், பிற துறைகளில் நடந்த முயற்சிகள் யாவற்றினும் மிகுதியாக இந்து இளைஞரின் மனத்தை விரிவாக்கியது என்று ‘இந்திய சமூகச் சீர்திருத்தவாதி’ என்னும் பம்பாய்ப் பத்திரிகை கருத்துரைத்தது. அந்நாளில் பம்பாயில் அவர்கள் மற்றையோருடன் அமர்ந்து உண்ணும் நிலையும் வந்திருந்தது.

1911 ஆம் ஆண்டு பாட்டியாலா மகாராசா பூபிந்தர்சிங் தலைமையில் அனைத்திந்திய அணி முதன்முறையாக இங்கிலாந்து சென்றது. மகாராசாவுக்கு விருந்துகளும் முடிசூட்டு விழாவுமே முதன்மையாயின. சில ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். அணி 23 ஆட்டங்களில் 15 இல் தோற்றது. அத்தோல்விகளுக்கிடையே 35 வயதான பாலு, தோள் வலியோடு, 114 விக்கெற்றுகளைச் சராசரி 18.84 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கெதிரே 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெற்றுகள் பெற்றது அவருடைய முதல்தர ஆட்டங்களில் மிகச் சிறந்த பேறாகும். பழகாத குளிரிலும் ஈரத் தரையிலும் பெற்ற வெற்றி இது. அவர் மீண்டபோது பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் பெருமிதத்துடன் வரவேற்றனர். அன்று கல்லூரி மாணவராயிருந்த அம்பேத்கார் அவரைப் போற்றிய இளைஞருள் ஒருவர்.

இத்துணைச் சிறப்பிருந்தும் இந்து அணியின் தலைமை பாலுவுக்கு ஒருநாளும் வழங்கப்படவில்லை. 1913 இல் தலைவரான எம். டி. பாய் என்னும் பிராமணர், அப்பதவி மூத்தவராகிய பாலுவுக்கே உரியது என வெளிப்படையாகக் கூறினார். தேர்வாளர் செவிசாய்த்திலர். பந்தியில் இடம் கொடுத்தவர்கள், கட்டளையிடும் இடத்தைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. 1920 இல் பாலுவை அணியிலிருந்து நீக்கி, பாய் ஆட இயலாத நிலையில், சிறந்த துடுப்பாட்டக்காரரான தம்பி விதலைக் கடந்து டி. பி. தியோதரைத் தலைவராக்கினர். தியோதர் பிராமணர், அனுபவத்தில் விதலுக்கு இளையவர். சிவராமும் விதலும் ஆட மறுத்து விலகித் தம் குறையைப் பத்திரிகை வாயிலாக நாடறியச் செய்தனர். அடுத்து நடந்த பார்சிகளுக்கெதிரான ஆட்டத்துக்கு அவர்கள் மீள அழைக்கப்பட்டனர்; பாலு உபதலைவரானார். ஆட்டத்தின் நடுவே பாய் சிறிது நேரம் மைதானத்தைவிட்டு அகன்றபோது பாலு தலைமை தாங்கினார். அவருக்கு வாய்த்த தலைமை அவ்வளவே. 1923 இல் விதல் தலைவராகி, ஐரோப்பியரை வென்று, தோள்களிற் சுமந்து செல்லப்பட்டார். தமையனுக்கு மறுக்கப்பட்டது தம்பிக்குக் கிடைத்தற்கு, இடைக்காலத்திலே காந்தியடிகள் தீண்டாமைக்கெதிராகத் தொடங்கிய இயக்கமும் காரணமாகும்.

பாலுவின் அரசியல் வாழ்வு எளிதில் எடைபோடத்தக்கதன்று. தனித்தொகுதி வேண்டிய அம்பேத்காரோடு அவர் உடன்படவில்லை. இந்து சமுதாயத்தினுள்ளிருந்தே உரிமை பெறலாம் என நம்பினார். 1932 செப்ரெம்பரில் காந்தியடிகள் உண்ணாநோன்பிருந்தபோது, சென்னையைச் சேர்ந்த எம். சி. ராஜாவுடன் சேர்ந்து இணக்கத்துக்கு முயன்றார். 24 ஆம் திகதி நிறைவேறிய பூனா ஒப்பந்தத்தில் அவர் கையொப்பமும் உண்டு. 1937 இல் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலிலே காங்கிரசின் சார்பில் அம்பேத்காரை எதிர்த்தே நின்றார். அம்பேத்கார் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். அவரைக் காங்கிரசின் கைக்கருவி என இகழ்தல் பொருந்தாது. மட்கலத்திலிருந்து பொதுப் பந்தி வரை தாம் நடந்து வந்த வழியைக் கண்ணாற் கண்டவர் அவர். எஞ்சிய தூரத்தையும் அவ்வாறே கடக்கலாமென எண்ணினார். தலைமை மறுக்கப்பட்ட தம் வரலாறே அம்பேத்காரின் வாதத்துக்குச் சான்றாய் நின்றதை அவர் எவ்வாறு மனங்கொண்டாரோ தெரியவில்லை.

33 முதல்தர ஆட்டங்களில் 15.21 என்ற சராசரியில் 179 விக்கெற்றுகள் என்பதே ஏடுகளில் எஞ்சிய கணக்கு. இந்தியா தன் முதல் ரெஸ்ற் ஆட்டத்தை ஆடிய 1932 இல் அவருக்கு வயது 56. அதனாற் போலும், பின்வந்தோர் அவரை மறந்தனர். வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா விரிவாக எழுதிய பின்னரே அவர் பெயர் மீண்டும் பேசப்படலாயிற்று.

பாலு 1955 ஆம் ஆண்டு யூலை 4 ஆம் திகதி பம்பாயிலே காலமானார். பொது உணவகங்களிலே பாத்திரங்களைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய இந்தியச் சட்டம் அவ்வாண்டு யூன் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்திருந்தது.