டிரம்பெட் பழுதுகளும் பழுதுநீக்கமும்

டிரம்பெட் பழுதுநீக்கம் என்பது டிரம்பெட் என்னும் பித்தளை ஊதுகருவியில் தோன்றும் குறைகளின் காரணத்தைக் கண்டறிந்து அவற்றைச் சரிசெய்வதைக் குறிக்கும். வால்வு சிக்குதல், ஸ்லைடு இறுகுதல், மவுத்பீஸ் மாட்டிக்கொள்ளுதல், காற்றுக் கசிவு, சுருதி விலகல், பித்தளை அரிப்பு ஆகியவை அடிக்கடி காணப்படும் குறைகளாகும். இவற்றுள் பல அழுக்கு, எண்ணெய்க் குறைவு, தவறான பொருத்துகை ஆகியவற்றால் விளைவன, வாசிப்பவரே நீக்கிவிடக்கூடியன. ஆனால் சிறு குறையை வலிந்து சரிசெய்ய முயல்வதால் குழல் முறுக்கிக்கொள்வதும் பற்றவைப்பு விட்டுப்போவதும் உண்டு. ஆகவே எதை வீட்டில் செய்யலாம், எதைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிட வேண்டும் எனப் பிரித்தறிதல் இதில் முதன்மையானது.

அமைப்பு

இன்று மிகுதியாகப் பயன்படுவது பி-பிளாட் டிரம்பெட் ஆகும். இதன் குழல் ஏறத்தாழ 1.48 மீட்டர் நீளமுடையது. இதிலுள்ள மூன்று வால்வுகளும் 1839 ஆம் ஆண்டு பாரிசில் பிரான்சுவா பெரினே காப்புரிமை பெற்ற வகையைச் சேர்ந்தவை. வால்வை அழுத்தும்போது கூடுதல் குழல் ஒன்று காற்றின் பாதையில் சேர்ந்து சுரத்தைத் தாழ்த்துகிறது. இரண்டாம் வால்வு அரைச் சுரமும், முதல் வால்வு ஒரு முழுச் சுரமும், மூன்றாம் வால்வு ஒன்றரைச் சுரமும் தாழ்த்தும். வால்வுக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே. எனவே ஒரு துகளோ, கண்ணுக்குப் புலப்படாத ஒடுக்கோ வால்வை நிறுத்திவிடப் போதுமானது.

குறையைக் கண்டறிதல்

முதலில், குறை கருவியினுடையதா வாசிப்பவருடையதா என்று பார்க்க வேண்டும். அதே கருவியை வேறொருவர் வாசித்தாலும் அதே குறை தோன்றினால் அது கருவியின் குறையாக இருக்கக்கூடும். அடுத்து இடத்தைக் குறுக்க வேண்டும்.

* ஒரு குறிப்பிட்ட வால்வை அழுத்தும்போது மட்டும் குறை தோன்றினால், அவ்வால்வையும் அதன் ஸ்லைடையும் சோதிக்க வேண்டும்.
* எல்லாச் சுரங்களிலும் தோன்றினால், மவுத்பீஸ், ஊதுகுழல், சுருதி ஸ்லைடு, நீர்த்திறப்பு, வால்வுத் தேய்மானம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
* கருவியைக் கழற்றி மாட்டிய உடனே தோன்றினால், பெரும்பாலும் ஏதோ ஒன்று மாற்றிப் பொருத்தப்பட்டுள்ளது.

வால்வுக் குறைகள்

உலர்ந்த எண்ணெயும் படிந்த அழுக்குமே வால்வு சிக்குவதற்குப் பொதுவான காரணங்கள். வால்வை வெளியே எடுத்து, நூல் உதிராத துணியால் அதனையும் உறையின் உட்புறத்தையும் துடைத்து, மூன்று நான்கு துளி வால்வு எண்ணெய் இட்டுத் திரும்பப் பொருத்த வேண்டும். புதிய கருவிகளில் தயாரிப்பின்போது தங்கிய நுண்பொடி வெளிப்படலாம். அவற்றை முதல் சில வாரங்கள் அடிக்கடி துடைப்பது நல்லது. வால்வு எளிதாக இறங்கி மெதுவாக ஏறினால் சுருள்வில் தளர்ந்திருக்கக்கூடும்.

துடைத்தும் சிக்கல் தீராவிடில், உறையில் ஒடுக்கு விழுந்திருக்க வாய்ப்புண்டு. இரண்டாம் வால்வின் ஸ்லைடு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால், அதில் படும் இடி உறையை உள்நோக்கி அழுத்துகிறது. இந்நிலையில் வால்வை உப்புத்தாளால் தேய்ப்பது பெருந்தவறாகும். தேய்ந்த உலோகம் திரும்பாது. அதன்பின் அவ்விடத்தில் காற்றுக் கசிவு நிலைத்துவிடும். மீண்டும் முலாம் பூசி அளவுக்குக் கடைந்தாலன்றி அது தீராது.

எண்ணெய் இட்ட பின் ஊதினால் காற்றே செல்லாத நிலை, தொடக்க மாணவர்களைப் பெரிதும் அச்சுறுத்துவது. இது உண்மையில் பழுதன்று. வால்வுகளில் 1, 2, 3 என எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். வாசிப்பவருக்கு அருகிலிருப்பது முதல் வால்வு. எண் மாறியிருந்தால் இடம் மாற்ற வேண்டும். எண் சரியாக இருந்தால், வால்வை மெதுவாகத் திருப்ப, அதன் வழிகாட்டி பள்ளத்தில் 'கிளிக்' என்று அமரும்.

மாட்டிக்கொண்ட மவுத்பீஸ்

மவுத்பீசை உள்ளங்கையால் தட்டிப் பொருத்துவதாலும், அது பொருத்தியிருக்கையில் கருவி கீழே விழுவதாலும் அது இறுகிவிடுகிறது. இதனைக் குறடு கொண்டு திருகுதல் கூடாது. ஊதுகுழலின் சுவர் மெல்லியது. அதன் தாங்கிகள் ஈயப் பற்றவைப்பால் மட்டுமே நிற்பவை. திருகும் விசையில் மவுத்பீஸ் அசைவதற்கு முன்னரே குழல் முறுக்கிக்கொள்ளக்கூடும். மவுத்பீசை நேராக இழுக்கும் சிறு கருவி ஒன்று உண்டு; பழுதுபார்ப்பவர்களிடமும் பல இசைக்குழுக்களிடமும் இது இருக்கும். இதனால் சில நிமிடங்களில் மவுத்பீசை எடுத்துவிடலாம்.

இறுகிய ஸ்லைடுகள்

கிரீஸ் உலர்ந்து களிம்பு பிடிப்பதால் ஸ்லைடுகள் இறுகுகின்றன. இணைப்பில் ஊடுருவும் எண்ணெய் சில துளிகள் இட்டு ஓரிரவு விட்டுவைத்து, ஸ்லைடின் வளைவில் துணியைக் கோத்து நேராக இழுக்க வேண்டும். வால்வு ஸ்லைடாயின், உரிய வால்வை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். இல்லாவிடில் உள்ளே உண்டாகும் வெற்றிடம் தடுக்கும். இரண்டு மூன்று முயற்சிகளில் அசையாதது பழுதுபார்ப்பவரிடம் செல்ல வேண்டியது.

காற்றுக் கசிவும் அதிர்வொலியும்

சுரங்கள் தெளிவின்றி ஒலித்தால் முதலில் நீர்த்திறப்பைச் சோதிக்க வேண்டும். வாசிக்கும்போது அதனை விரலால் அழுத்தினால் ஒலி தெளிவடையுமாயின், அதன் தக்கையோ வில்லோ மாற்றப்பட வேண்டும். வால்வின் இறுக்கத்தை அறிய, முதல் வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைச் சற்று இழுத்து, சில நொடிகள் பொறுத்து முழுவதும் கழற்ற வேண்டும். 'பொப்' என்னும் ஒலி கேட்டால் இறுக்கம் நன்று. கேளாவிடில் வால்வு தேய்ந்திருக்கலாம், அல்லது ஸ்லைடு தளர்ந்திருக்கலாம்.

சில சுரங்களில் மட்டும் எழும் அதிர்வொலி, தளர்ந்த மூடி, திருகு அல்லது விட்டுப்போன பற்றவைப்பிலிருந்து வருவதாகும். ஒருவர் வாசிக்க, மற்றொருவர் ஒவ்வொரு பகுதியாக விரலால் தொட்டுவந்தால், ஒலி நிற்குமிடமே குறையுள்ள இடம்.

சுருதி விலகல்

கருவி முழுவதும் சுருதி உயர்ந்திருந்தால் சுருதி ஸ்லைடை வெளியே இழுக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் உள்ளே தள்ள வேண்டும். காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் மாறுவதால், குளிரில் சுருதி இறங்கும். வாசிக்கும் முன் கருவியினுள் மூச்சுக்காற்றைச் செலுத்திச் சூடேற்றுவது வழக்கம்.

முதல், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்தும், மூன்றையும் சேர்த்தும் அழுத்தும்போது சுருதி உயர்வது பழுதன்று. ஒவ்வொரு வால்வின் குழலும் தனித்து இயங்குவதற்கே அளக்கப்பட்டது. சேர்ந்து இயங்கும்போது மொத்த நீளம் தேவைக்குச் சற்றுக் குறைகிறது. மூன்றாம் வால்வின் ஸ்லைடை விரல் வளையத்தால் வெளியே தள்ளி இதனை ஈடுசெய்வர்.

பித்தளை அரிப்பு

மஞ்சள் பித்தளையில் ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் உள்ளன. குழலில் தங்கும் ஈரமும் உமிழ்நீரும் காலப்போக்கில் துத்தநாகத்தைக் கரைக்க, எஞ்சும் செம்பு இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தோன்றும். ஊதுகுழலில் இது மிகுதி. அரித்த உலோகத்தை மீட்க வழியில்லை; அப்பகுதியை மாற்றுவதே தீர்வு. வாசித்து முடித்ததும் நீரை வெளியேற்றுவது இதனைத் தள்ளிப்போடும்.

தூய்மையும் உடல்நலமும்

தூய்மை செய்ய வால்வுகளைத் தனியே எடுத்து வைத்து, குழல்களை வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான பாத்திர சோப்பிலும் ஊறவைத்து, வளையும் தூரிகையால் உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். கொதிநீர் லாக்கர் பூச்சை உரித்துவிடும். வால்வின் மேலுள்ள கம்பளி வட்டுகள் நனையலாகாது.

கருவியின் உட்புறத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரக்கூடியன. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக இருமலால் துன்புற்ற டிரம்போன் கலைஞர் ஒருவருக்கு, அவரது கருவியினுள் வளர்ந்த நுண்ணுயிர்களே நுரையீரல் அழற்சிக்குக் காரணம் என 2010 ஆம் ஆண்டு வெளியான மருத்துவ அறிக்கை கூறியது. கருவியை முறையாகத் தூய்மை செய்யத் தொடங்கிய பின் இருமல் நீங்கியது. அதே வகையில் மூச்சுக்காற்று செல்லும் டிரம்பெட்டுக்கும் இது பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

* டிரம்போன்
* பித்தளை
* காற்றிசைக் கருவி