நைல் கரையில் ஒரு வக்து

ஹிஜ்ரி 726 (கி.பி. 1326). ஹஜ்ஜை நாடித் தான்ஜியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, எகிப்தின் சமன்னூத் நகரில் படகேறிக் கெய்ரோவை நோக்கிச் சென்றார். அப்போது அவருக்கு வயது 22.

நைல் வடக்கு நோக்கி ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே பாய் விரித்து நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லலாம். காற்று ஓய்ந்தால் கரையொதுங்க வேண்டியதுதான்.

நைலில் செல்பவருக்குக் கட்டுச்சோறு தேவையில்லை என்கிறார் அவர். உளூச் செய்யவும், தொழவும், உணவு வாங்கவும் விரும்பிய இடத்தில் இறங்கலாமாம். அலெக்சாந்திரியாவிலிருந்து அஸ்வான் வரை கடைவீதிகள் தொடர்ந்திருந்தனவாம். (நதியில் 36,000 படகுகள் என்ற அவரது கணக்கை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.)

படகிலேயே தொழுதிருக்கலாமே என்று நம்மில் சிலர் கேட்கலாம். தொழலாம். ஆயினும் வளைந்து செல்லும் படகில் கிப்லாவை நோக்கி நிலையாக நிற்பது எளிதன்று. ருகூவையும் ஸுஜூதையும் நிறைவாகச் செய்யச் சிறிது நேரமேனும் படகைக் கட்டிவைக்க ஒரு கரை வேண்டும். நெடுஞ்சாலைப் பேருந்தில் அஸர் நேரம் கழிவதைப் பார்த்துத் தவித்த நமக்கு இது புரியும்.

ஹிஜ்ரி 756இல் ஃபெஸ் நகரில் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸைய் அந்நூலை எழுதி முடித்தார். இடையே தில்லி, மாலத்தீவு, நமது மஅபர் கரை என எத்தனையோ கண்டிருந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும், கரையிறங்கும் காரணங்களைச் சொல்கையில் உளூவே அவர் வாயில் முதலில் வந்தது. தொழுகை அடுத்து, உணவு அதற்கும் பின்பு.