விபிஎஸ், தீனியாத், தேவார வகுப்பு: கோடை முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் முன் பெற்றோர் என்ன கேட்கணும்?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு சர்ச் வாசல்களில் விபிஎஸ் பேனர் ஏறிவிடும். பள்ளிவாசல்களில் கோடைக்கால தீனியாத் வகுப்பு, கோயில்களில் தேவார வகுப்பு, பண்பாட்டு முகாம் என அறிவிப்புகள் வரும். சி.எஸ்.ஐ. இம்மானுவேல் ஆலயம் இருக்கும் சேலம் அஸ்தம்பட்டியிலும் ஏப்ரல், மே மாதம் வந்தால் பெற்றோர் பேச்சு இதுதான்: "பிள்ளைங்க போனையே நோண்டிட்டு இருக்கிறதுக்கு அங்க போனா நாலு நல்லது கத்துக்கும்."

பெரும்பாலும் கட்டணம் கிடையாது, இருந்தாலும் குறைவுதான். நடத்துபவர்களும் தெரிந்த முகங்கள். அதனாலேயே யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கு.

விபிஎஸ் என்றால் என்ன?

விடுமுறை வேதாகமப் பள்ளி என்பதன் சுருக்கம்தான் விபிஎஸ். 1898-ல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற பெண், கோடையில் தெருவில் சுற்றிய ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பீர் கடையின் கூடத்தை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தினார். 1901-ல் ராபர்ட் போவில் என்ற போதகர் இதைப் பல இடங்களுக்கும் கொண்டுபோனார். அப்படித்தான் உலகம் முழுக்கப் பரவியது.

தமிழ்நாட்டில் வழக்கமாகக் காலையில் சில மணி நேரம், ஒரு வாரம் அல்லது பத்து நாள் நடக்கும். வயதுவாரியாகப் பிரித்து ஆக்‌ஷன் பாட்டு, பைபிள் கதை, மனப்பாட வசனம், கைவேலை, இடையில் பிஸ்கட், ஜூஸ். கடைசி நாள் பெற்றோர் முன்னால் கலை நிகழ்ச்சி. பாடம் எடுப்பவர்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும். பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

யூத முகாம்களில் எப்படி?

மதக் கல்வியையும் கோடை விடுமுறையையும் சேர்த்து நடத்துவதில் அமெரிக்க யூதர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. ராமா என்ற முகாம் 1947-ல் விஸ்கான்சினில் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் யெஷிவா எனப்படும் யூத மதப் பள்ளி மாணவர்களுக்கான முகாம்கள் நிறைய. பிள்ளைகள் வாரக்கணக்கில் அங்கேயே தங்குவார்கள்.

காலையில் தோரா பாடம், பிறகு விளையாட்டு. சமையலறையில் இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம். வெள்ளி சூரியன் மறைந்தது முதல் சனி இரவு வரை ஓய்வு நாள் என்பதால் அடுப்பு பற்றவைப்பதில்லை, பஸ் எடுப்பதில்லை. சாப்பாடு முன்னாடியே தயாராகிவிடும். எருசலேம் ஆலயம் இடிந்ததை நினைத்துத் துக்கம் காக்கும் ஒன்பது நாள் கோடையில்தான் வரும். அப்போது இறைச்சி கிடையாது, பொழுதுபோக்கு நீச்சலும் கிடையாது.

மத விஷயத்தில் முகாமுக்கு முழுச் சுதந்திரம். பாதுகாப்பு விஷயத்தில் அப்படி இல்லை. நியூயார்க்கில் குழந்தைகள் முகாமுக்குச் சுகாதாரத் துறையின் அனுமதி கட்டாயம். தங்கும் முகாமில் 8 வயதும் அதற்கு மேலும் உள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர், அதற்குக் கீழே 8 பேருக்கு ஒருவர் இருக்கணும்.

நம்ம ஊர் சட்டம் என்ன சொல்கிறது?

போக்சோ விதிகள் 2020-ன்படி, குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் தன் பணியாளர்களைப் பற்றிக் காவல்துறை சரிபார்ப்பு செய்யணும், குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் கொடுக்கணும். ஆனால் விதி பேசுவது பணியாளர்களைப் பற்றி. பத்து நாள் வந்துபோகும் தன்னார்வலரை யார் சரிபார்ப்பது? நடத்துபவர்கள் தாங்களாக முன்வந்து செய்தால்தான் உண்டு.

குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைத்தால் 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. கல்வி நிறுவனம் அல்லது மத நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்கே வரும் குழந்தையிடம் பாலியல் குற்றம் செய்தால், அதைச் சாதாரணக் குற்றத்தைவிடக் கடுமையானதாகவே போக்சோ சட்டம் பார்க்கிறது.

பர்கூர் சொன்ன பாடம்

2024 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்சிசி முகாம் என்று சொல்லிப் பிள்ளைகளை இரவில் தங்க வைத்தார்கள். அது போலி முகாம். 8-ம் வகுப்பு மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். பயிற்சியாளர் என்று வந்தவர் உண்மையில் யார் என்பதைப் பள்ளி விசாரிக்கவே இல்லை. விஷயத்தை வெளியே சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளி முதல்வர், தாளாளரும் கைதானார்கள்.

அது மத முகாம் இல்லை. ஆனால் ஏமாந்த விதம் எல்லா முகாமுக்கும் பொருந்தும். தெரிந்த இடம், தெரிந்த பெயர், அதனால் யாரும் கேட்கவில்லை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

* முகாமுக்கு யார் பொறுப்பு? பெயர், போன் நம்பர் எழுத்தில் கொடுப்பார்களா?
* தன்னார்வலர்கள் எத்தனை பேர்? அவர்களைச் சரிபார்த்தது யார்? தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் சரிபார்ப்புச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம்.
* ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கும் சூழல் வருமா? எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்பது நல்லது.
* பெண் பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர், தனிக் கழிப்பறை இருக்கா?
* முடிந்ததும் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள்? பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறார்களா?
* வேறு மதப் பிள்ளை வந்தால் பெற்றோரிடம் என்ன சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள்?

நடத்துபவர்கள் மறக்கக் கூடாதவை

சேலத்தில் இந்த மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. பவனி, விளையாட்டை எல்லாம் காலை 10 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. குடிநீரும் ஓஆர்எஸ் பாக்கெட்டும் கையில் இருக்கணும்.

அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாகப் போனால் ஏற்காடு பக்கம்தான் என்பதால் கடைசி நாள் சுற்றுலாவுக்கு அங்கே திட்டம் போடுவார்கள். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை அது. 2024 ஏப்ரல் 30 அன்று அந்த மலைப்பாதையில் தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்ப்பலி ஏற்பட்டது. வேனில் இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றாமல், மலைப்பாதை பழகிய டிரைவரோடு, இருட்டும் முன் இறங்கிவிடணும்.

சந்தேகம் வந்தால்?

முகாமிலிருந்து வந்த பிள்ளையிடம் "என்ன கத்துக்கிட்ட?" என்று மட்டும் கேட்டால் போதாது. "யார் கூட இருந்த? உனக்குப் பிடிக்காத மாதிரி யாராவது நடந்துக்கிட்டாங்களா?" என்றும் கேளுங்கள். திடீரென்று போக மாட்டேன் என்று அடம்பிடித்தால் திட்டாமல் காரணத்தைக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் பேசலாம். "நம்ம சர்ச், நம்ம ஜமாத், நம்ம கோயில், பேர் கெட்டுடும்" என்று தள்ளிப்போட வேண்டாம். பேரைவிடப் பிள்ளைதான் முக்கியம்.