மின்மாற்றியின் தயக்கம்

1947 ஏப்ரல், மே இதழ்களில், இரண்டு பகுதிகளாக, பிரிட்டனின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' ஓர் ஆம்ப்ளிஃபயரின் வடிவமைப்பை வெளியிட்டது. எழுதியவர் டி.டி.என். வில்லியம்சன். எடின்பரோக்காரர், அப்போது வயது 23. வால்வு தயாரிக்கும் எம்.ஓ. வால்வு கம்பெனியில் வேலை செய்துவிட்டு, ஃபெராண்டி நிறுவனத்துக்கு மாறியிருந்தார். கேடி66 வால்வுகள் இரண்டு, 15 வாட் சக்தி, 0.1 சதவிகிதம் திரிபு. இன்றைக்குப் பத்து வெள்ளிக்கு வாங்கும் ஒரு சிப் இதைச் சாதாரணமாகச் செய்துவிடும். அன்றைக்கு அது பெரிய விஷயம். லீக் நிறுவனம் 1945லேயே அதே எண்ணைப் பெயராக்கி, 'பாயிண்ட் ஒன்' என்று ஓர் ஆம்ப்ளிஃபயரை விற்றுக்கொண்டிருந்தது. வில்லியம்சன் விற்கவில்லை, எப்படிச் செய்வது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். லண்டனிலும் நியூயார்க்கிலும் சிட்னியிலும் வீட்டு மேசைகளில் அதைப் பார்த்துச் செய்தார்கள்.

ஒரு பொருளை மட்டும் அப்படிச் செய்ய முடியவில்லை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்.

மின்னணுவியல் படிக்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். வால்வு என்பது அதிக மின்னழுத்தத்தில் கொஞ்சம் மின்னோட்டத்தைத் தரும் சாதனம். ஒலிபெருக்கி அதற்கு நேரெதிர்: குறைந்த மின்னழுத்தம், நிறைய மின்னோட்டம் வேண்டும். வில்லியம்சனின் இரண்டு வால்வுகளும் 10,000 ஓம் சுமையை எதிர்பார்த்தன. ஒலிபெருக்கியோ 15 ஓம். நடுவில் ஒரு தரகர் வேண்டும், அதுதான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். இரும்புத் தகடுகளை அடுக்கி, அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான முறை சுற்றிய செப்புக் கம்பி, வேறொன்றுமில்லை. கோவில் திருவிழாவில் ஹார்ன் ஸ்பீக்கரின் பின்பக்கம் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இதன் ஒன்றுவிட்ட தம்பி அது.

வில்லியம்சன் செய்த துணிச்சலான காரியம், இந்தத் தரகரையும் பின்னூட்ட வளையத்துக்குள் இழுத்துப் போட்டது. (வலைப்பூவில் எழுதும் பின்னூட்டம் இல்லை. வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி முதல் கட்டத்துக்கு எதிர்த்திசையில் ஊட்டுவது. பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக் 1927இல் கண்டது.) ஒலிபெருக்கி முனையிலிருந்தே 20 டெசிபல் பின்னூட்டம், அதாவது திரிபு ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறையும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. வளையத்தைச் சுற்றிவரும் சமிக்ஞை வழியில் தாமதமாகித் தாமதமாகி நேர்த்திசைக்குத் திரும்பிவிட்டால், ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஊளையிடத் தொடங்கிவிடும். எந்த நிலையில் இது நடக்கும் என்பதை நைக்விஸ்ட் 1932இல் கணக்காக எழுதிவைத்தார். வில்லியம்சனின் சுற்றில் அந்தத் தாமதத்தின் பெரும்பங்கு டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருந்தது. சுமாரான டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டால் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் சத்தமில்லாமல் ஊளையிடும். வால்வு சூடாகும், ஏன் என்று தெரியாது. 1950களின் இதழ்களில் வில்லியம்சன் சுற்றை நிலைப்படுத்துவது பற்றிக் கட்டுரை மேல் கட்டுரை வந்ததற்குக் காரணம் இதுதான்.

அவருக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் கட்டுரையில் டிரான்ஸ்ஃபார்மரை எப்படிச் சுற்றுவது என்றும் எழுதினார். சர்க்யூட் படத்தை விட எனக்கு அந்தப் பத்திதான் பிடிக்கும். பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு சுருள்கள். ஒவ்வொன்றிலும் முதன்மைச் சுற்று ஐந்து பகுதிகள், அவற்றுக்கு இடையிடையே துணைச் சுற்று நான்கு பகுதிகள். முதன்மையில் ஒரு பகுதிக்கு ஐந்து அடுக்கு, அடுக்குக்கு 88 சுற்று. துணையில் இரண்டு அடுக்கு, அடுக்குக்கு 29 சுற்று. கூட்டினால் முதன்மையில் 4,400 சுற்று. துணையின் ஒரு பகுதியில் 58. விகிதம் கிட்டத்தட்ட 76. அதன் வர்க்கத்தால் 10,000ஐ வகுத்தால் 1.7 ஓம் வரும். இப்படிப்பட்ட மூன்று பகுதிகளைத் தொடராக இணைத்தால் 15.3 ஓம், ஒலிபெருக்கி தயார். ஒரு சமையல் குறிப்பைப் போலத்தான் எழுதியிருக்கிறார்.

முதன்மையையும் துணையையும் ஏன் இப்படி மாற்றி மாற்றி அடுக்க வேண்டும்? ஒரு சுருளில் பிறக்கும் காந்தப் பாயத்தில் கொஞ்சம், மறு சுருளைத் தொடாமலேயே காற்றில் கசிந்துவிடும். இதற்குக் கசிவுத் தூண்டம் என்று பெயர். உயர்ந்த சுருதிகளைத் தின்பது இதுதான். இரண்டு சுருள்களையும் எவ்வளவு பின்னிப் பிணைக்கிறோமோ அவ்வளவு கசிவு குறையும். ஆனால் நெருக்க நெருக்க, சுருள்களுக்கு இடையே மின்தேக்கம் கூடும். அதுவும் உயர்ந்த சுருதியைத் தின்னும். ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். இந்தப் பேரத்தை முடிப்பது கம்பி சுற்றுபவரின் கைதான், சூத்திரம் பாதி தூரம்தான் வரும்.

இப்போது கலிஃபோர்னியாவுக்குப் போக வேண்டும். நான் வில்லியம்சனைச் சந்தித்தது அங்கே பிறந்த ஒரு மென்பொருள் வழியாகத்தான். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரான் ரோரரின் மாணவர்கள், 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், மின்சுற்றுகளைக் கணினியிலேயே இயக்கிப் பார்க்கும் ஒரு நிரலை எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கேன்சர்'. விரித்தால் கடைசியில் 'எக்ஸ்க்ளூடிங் ரேடியேஷன்' என்று வரும். அந்தக் காலத்தில் ராணுவப் பணத்தில் எழுதப்பட்ட நிரல்கள் கதிர்வீச்சில் சுற்றுகள் என்ன ஆகும் என்று கணக்கிட்டன. நாங்கள் அதைச் செய்யமாட்டோம் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். மாணவக் குறும்பு, ஆனால் விளையாட்டு மட்டும் இல்லை. அதிலிருந்து டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லாரன்ஸ் நேகல் உருவாக்கியதுதான் ஸ்பைஸ். 1973இல் கனடாவின் வாட்டர்லூவில் அறிமுகமானது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டார்கள். வில்லியம்சனின் மனப்போக்குதான் இதிலும் இருக்கிறது. இன்று உலகத்தில் மின்சுற்றை உருவகப்படுத்தும் மென்பொருள் எதைத் திறந்தாலும் உள்ளே ஸ்பைஸின் ரத்தம் ஓடும். நான் பாயான் லெப்பாஸில் வேலைக்காகத் தினமும் திறக்கும் எல்டிஸ்பைஸும் அப்படித்தான்.

ஸ்பைஸ் என்ற பெயரின் கடைசி இரண்டெழுத்துகள் 'சர்க்யூட் எம்ஃபசிஸ்'. அதற்கு முன்னால் வருவது 'இன்டகிரேட்டட்'. சிலிக்கான் சில்லுக்காகப் பிறந்த மென்பொருள் அது. சில்லுக்குள் டிரான்ஸிஸ்டர் உண்டு, டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. எனவே டிரான்ஸிஸ்டருக்கு ஸ்பைஸில் பக்கம் பக்கமாகச் சமன்பாடுகள். டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரே வரி. இரண்டு தூண்டிகளை எழுதிவிட்டு, 'கே' என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு வரியில் அவை எவ்வளவு பிணைந்திருக்கின்றன என்று ஓர் எண் தரவேண்டும். பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண்.

வில்லியம்சனின் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்த எண் என்ன? அவரே அளந்து கொடுத்திருக்கிறார்: முதன்மையின் தூண்டம் 100 ஹென்றி, கசிவு 22 மில்லிஹென்றி. கணக்குப் போட்டால் 0.99989.

இந்த எண்ணோடு கொஞ்ச நேரம் விளையாடிப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் பலர் போடுகிற மாதிரி 0.99 என்று போட்டால் கசிவு ஏறக்குறைய 2 ஹென்றி ஆகிவிடுகிறது. 800 ஹெர்ட்ஸிலேயே அது 10,000 ஓம் சுமைக்குச் சமமாகி வழியை அடைக்கத் தொடங்கும். பாடகரின் குரலில் பாதி போய்விடும். 0.999 என்றால் அந்த எல்லை 8,000 ஹெர்ட்ஸ். 0.99989 என்றால் 72,000 ஹெர்ட்ஸ். அதாவது ஐந்து பகுதி, நான்கு பகுதி, அடுக்குக்கு 88 என்று அந்தப் பத்தியில் இருந்த அத்தனை உழைப்பும் தசமப் புள்ளிக்குப் பின்னால் நாலாவது ஐந்தாவது இடத்தில் போய் ஒளிந்துகொள்கிறது. ஒன்று என்று போட்டாலும் ஸ்பைஸ் மறுப்பு சொல்லாது. கசிவே இல்லாத, உலகத்தில் யாராலும் சுற்ற முடியாத ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும். திரையில் ஆம்ப்ளிஃபயர் அற்புதமாக வேலை செய்யும், ஊளையே இடாது.

என் அம்மா 1980களில் இதே வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் காயில் சுற்றியவர். பிரிட்டனிலும் வானொலித் தொழிற்சாலைகளில் இந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. 0.99989ஐக் காட்டி, இதுதான்மா காயில் சுற்றுவதன் கணக்கு என்றேன். "எத்தனை சுத்துன்னு பேப்பர்ல இருக்கும்டா. எவ்வளவு இழுத்துப் பிடிக்கணும்னு இருக்காது. தளர விட்டா உப்பிக்கும், இறுக்குனா அந்துடும்" என்றார். வில்லியம்சனின் பத்தியிலும் அது இல்லை.

சரி, வால்வின் கதை எப்படி? 1990களில் வால்வு ஆம்ப்ளிஃபயர்களுக்கு மறுபிறவி வந்தபோது, வால்வுகளை ஸ்பைஸுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. 1995இல் மார்ஷல் லீச், 1996இல் நார்மன் கோரன் என்று வரிசையாக மாதிரிகள் வந்தன. கோரனின் சமன்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உற்பத்தி நின்றுபோன ஒரு வால்வைக்கூட ஒரு மாலைப் பொழுதில் அதற்குள் கொண்டுவந்துவிடலாம். காரணம், வால்வு கம்பெனிகள் ஒவ்வொரு வால்வுக்கும் வளைவரைகளை அச்சிட்டுக் கொடுத்திருந்தன. டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனிகள் கொடுத்ததில்லை. சுற்றும் முறைதான் அவர்களுடைய தொழில் ரகசியம். அமெரிக்காவில் ஹாஃப்லரும் கெரோஸும் 1951இல் 'அல்ட்ரா லீனியர்' சுற்றை இதழில் வெளிப்படையாக எழுதினார்கள், அதற்கான டிரான்ஸ்ஃபார்மரைத் தங்கள் ஆக்ரோ நிறுவனத்தின் வழியாக விற்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பிழைப்பு. ஆனால் மென்பொருளுக்குள் எது எளிதாக நுழைகிறது, எது வாசலில் நிற்கிறது என்பதை முடிவு செய்தது கணிதத்தின் கடினம் மட்டுமல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எது அச்சில் ஏறியது என்பதும்தான். ஆவணக் காப்பகங்களைப் பற்றி வரலாற்று மாணவர்கள் சொல்லும் புகார் பொறியியலுக்கும் பொருந்தும் என்று நான் நினைத்ததே இல்லை.

கசிவோடு கதை முடிந்தால் தேவலை. உள்ளே இரும்பு இருக்கிறது. இரும்பைக் காந்தமாக்கினால் அது உடனே கீழ்ப்படியாது, கொஞ்சம் பின்தங்கும். காந்தப்புலத்தை எடுத்துவிட்டாலும் முழுதாக மறக்காது. இதற்கு 'ஹிஸ்டரிசிஸ்' என்று கிரேக்கத்திலிருந்து பெயர் வைத்தவர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங். இவரும் எடின்பரோவில் படித்த ஸ்காட்லாந்துக்காரர், ஆனால் பெயர் வைத்தது 1880களின் தொடக்கத்தில், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது. நான் இதையெல்லாம் ஆங்கிலத்தில்தான் படித்தேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதைக் காந்தத் தயக்கம் என்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. யூயிங்கின் சொல்லை விட இது நல்ல சொல். பின்தங்குவது வெறும் இயக்கம், தயங்குவதற்கு ஒரு கடந்தகாலம் வேண்டும்.

ஸ்பைஸின் அசல் தூண்டிக்கு இந்தக் கடந்தகாலம் கிடையாது. 100 ஹென்றி என்றால் எப்போதும் 100 ஹென்றி. இரும்பு அப்படி இல்லை. மெல்லிய ஒலிக்கு ஒரு தூண்டம், உரத்த ஒலிக்கு வேறொன்று, அளவு மீறினால் நிறைவுற்றுத் திடீரென்று சரியும். நார்மன் பார்ட்ரிட்ஜ் 1939இலேயே இரும்பு உள்ளகம் உண்டாக்கும் திரிபைப் பற்றி 'வயர்லெஸ் வேர்ல்ட்'டில் தொடர் எழுதியிருந்தார். வில்லியம்சனும் தன் 100 ஹென்றியை வெறுமனே சொல்லவில்லை: 50 ஹெர்ட்ஸில், 5 வோல்ட்டில் அளந்தது என்று சேர்த்தே சொன்னார். 10,000 ஓமில் 5 வோல்ட் என்றால் 2.5 மில்லிவாட். 15 வாட் ஆம்ப்ளிஃபயரில் அது கிசுகிசுப்பு. இரும்பு மிகச் சோம்பலாக இருக்கும் இடத்தைத் தேடிப்போய் அளந்திருக்கிறார். நேர்மையான அளவு.

டேவிட் ஜைல்ஸும் டேவிட் ஆதர்டனும் 1980களின் நடுவில் இந்தத் தயக்கத்துக்கு ஒரு சமன்பாடு தந்தார்கள். பீஸ்பைஸ் அதை எடுத்துக்கொண்டது. எல்டிஸ்பைஸ், ஜான் சான் குழுவினர் 1991இல் எழுதிய எளிய மாதிரியைப் பயன்படுத்துகிறது: மீதமிருக்கும் காந்தம் எவ்வளவு, அதை அழிக்க எவ்வளவு புலம் வேண்டும், எதில் நிறைவுறும் என்று மூன்று எண்களும், உள்ளகத்தின் நீள அகலமும் கொடுத்தால் போதும். பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் 2011இல் இதே இரும்பை உடனுக்குடன் கணக்கிட்டு, கிட்டார் ஆம்ப்ளிஃபயரைக் கணினியில் போலச்செய்யும் ஆய்வு வெளியானது. ஆக, கணிதம் வந்துவிட்டது. எண்கள்தான் வரவில்லை. வில்லியம்சன் குறிப்பிட்ட 'சூப்பர் சில்கார்' தகடு இன்று எந்தக் கடையிலும் இல்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடைத்தால் மேசையில் வைத்து, துணைச் சுற்றைத் திறந்துவிட்டு ஒருமுறை, குறுக்கிணைத்து ஒருமுறை அளந்து, வளைவரையை நாமே வரைய வேண்டும். உடைத்துப் பார்க்காமல் உள்ளே எத்தனை பகுதிகள் என்று ஊகிக்க வேண்டும்.

வில்லியம்சன் டிரான்ஸ்ஃபார்மர்களோடு நிற்கவில்லை. ஃபெராண்டியில் எண்களால் இயங்கும் இயந்திரக் கருவிகளை உருவாக்கினார். 1960களில் மோலின்ஸ் நிறுவனத்துக்காக 'சிஸ்டம் 24'ஐ வடிவமைத்தார். இரவில் ஆட்கள் இல்லாமலேயே, இருபத்து நான்கு மணி நேரமும் உலோகத்தை வெட்டும்படி வடிவமைத்த தொழிற்சாலை அது. அடுக்குக்கு 88 சுற்று என்று மனிதக் கைக்கு எழுதியவர், பிறகு கை தேவைப்படாத அளவுக்கு எல்லாவற்றையும் எண்ணாக எழுதிவிட முடியுமா என்று பார்த்திருக்கிறார். 1968இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

என் மாதிரிக் கோப்பில் இப்போது டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்பது வரிகள் இருக்கின்றன. இரண்டு சுருள்கள், பிணைப்பு எண், முதன்மைக்கு இணையாகத் தயங்கும் ஓர் இரும்புத் தூண்டி, கம்பியின் மின்தடைகள், சுருள்களுக்கு இடையே மின்தேக்கிகள். அவற்றுக்கு மேலே நட்சத்திரக் குறியில் தொடங்கும் பதினொரு வரிகள்: எத்தனை பகுதி, எத்தனை அடுக்கு, எந்தத் தகடு, எத்தனை வோல்ட்டில் அளந்தது. நட்சத்திரக் குறியில் தொடங்கும் வரிகளை ஸ்பைஸ் படிப்பதில்லை, தாண்டிப் போய்விடும். கோப்பைத் திறக்கிற அடுத்த ஆளுக்காக எழுதியவை அவை.